உப்புக் குடுவை நின்றுவிட்டதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

“அக்கா, கல்ச்சர் செத்துப்போச்சு” என்று குடுவையும் கையுமாக வந்து நிற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, “என்ன சாப்பாடு குடுத்தீங்க?” என்றுதான். உப்பில் வாழும் ஆர்க்கியாக்கள் (பற்றீரியா போலத் தோன்றும், ஆனால் வேறொரு வகையான ஒற்றைக்கல உயிர்கள்) தேவையான ஒன்று தீர்ந்தவுடன் சாவதில்லை. கலம் பிரிந்து பெருகுவதைக் குறைக்கும், உருவம் மாறும், நிறம் மாறும், கையிருப்பைக் கரைத்துச் செலவழிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே பழுது மாதிரித்தான் தெரியும். நல்ல கல்ச்சரைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் அதே குறை அடுத்த குடுவையிலும் வந்து நிற்கும்.

கொழும்பில் எங்கள் மேசைக்கு அதிகம் வருபவை மூன்று இனங்கள்: சாக்கடல் சேற்றிலிருந்து வந்த ஹலோபெராக்ஸ் வோல்கானி, அதன் உறவுக்காரன் ஹலோபெராக்ஸ் மெடிடெரேனி, அப்புறம் ஹலோபக்டீரியம் சலினாரம். புத்தளம், அம்பாந்தோட்டை, ஆனையிறவு உப்பளங்களிலிருந்து மாணவர்கள் பிரித்தெடுத்துக்கொண்டு வருபவற்றுக்கும் இதே வழி பெரும்பாலும் பொருந்தும்.

கீழே வரும் எண்கள் வோல்கானியின் வளமான ஊடகத்தை, அதாவது அதை வளர்க்கும் சத்துக் கரைசலை, வைத்தவை. லீற்றருக்குச் சோடியம் குளோரைட்டு 144 கிராம், மகனீசியம் குளோரைட்டு ஆறுநீரேற்று 18 கிராம், மகனீசியம் சல்பேற்று ஏழுநீரேற்று 21 கிராம், பொட்டாசியம் குளோரைட்டு 4.2 கிராம், பீஎச் 7.5 இல் கொஞ்சம் டிரிஸ் (பீஎச்சை நிலையாக வைக்கும் தாங்கல்), ஈஸ்ட் சாறு 5 கிராம், பெப்டோனும் காசமினோ அமிலமும் (இரண்டும் உடைத்த புரதம்) ஒவ்வொரு கிராம். கல்சியம் குளோரைட்டு, ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) கிருமிநீக்கி ஆறிய பிறகு. 45 பாகையில், நல்ல காற்றோட்டம் இருந்தால் இரண்டு மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சலினாரத்துக்குச் சோடியம் குளோரைட்டு 250 கிராம் வேண்டும். அது இதைவிட மந்தம், அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் தயாராக இருக்கட்டும்: ஈஸ்ட் சாறு, பெப்டோன் எதுவும் இல்லாமல் உப்புகள் மட்டும் கரைத்த நீர் ஒரு போத்தல். கீழே ‘உப்புநீர்’ என்று நான் சொல்வது எல்லாம் இதைத்தான்.

## விதைத்து இரண்டு நாளாகியும் கலங்கவே இல்லை

வெப்பம். இன்கியூபேட்டர் முகப்பில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு குடுவையில் தண்ணீர் ஊற்றி, வெப்பமானியை அதற்குள் விட்டு, உங்கள் கல்ச்சர் இருக்கும் அதே தட்டில் ஒரு மணிநேரம் வையுங்கள். பற்றீரியா வேலைக்காக யாராவது 37 க்குத் திருப்பிவிட்டுப் போயிருப்பார்கள். 37 இல் வோல்கானி வளரும், ஆனால் மெதுவாக. கொழும்பு அறை வெப்பத்தில் விட்டால் நாட்கணக்கில் இழுக்கும்.

விதை. பிரிட்ஜில் மாதக்கணக்காகக் கிடந்த தட்டிலிருந்து ஒரு புள்ளி எடுத்துப் போட்டால் எழும்பி வரப் பொழுது ஆகும். பட்டினியில் நின்ற கலம் புரதம் கட்டும் ரைபோசோம்களைப் பெருக்கிக்கொண்டுதான் மறுபடி பிரியத் தொடங்கும். தட்டிலிருந்து முதலில் 3 மில்லிலீற்றர் ரியூபில் வளர்த்து, அது நன்றாகக் கலங்கிய பிறகு நூறில் ஒரு பங்காகக் குடுவைக்கு மாற்றுங்கள். சிறிய ரியூபில் வருகிறது, குடுவையில் வரவில்லை என்றால் விதை நல்லது, குடுவையைச் சந்தேகியுங்கள்.

உப்பு. இது கொழும்புக்கே உரிய தலையிடி. மகனீசியம் குளோரைட்டுப் போத்தலைத் திறந்து பாருங்கள். மூடி இறுகாத போத்தலில் மேலே கட்டி, அடியில் தண்ணீர். அப்படி இருந்தால் நீங்கள் நிறுத்த 18 கிராமில் எவ்வளவு உப்பு, எவ்வளவு காற்றின் ஈரம் என்று யாருக்கும் தெரியாது. புதுப் போத்தல் வந்த அன்றே முழுவதையும் கரைத்துச் செறிவு எழுதி வைத்துவிடுங்கள், பிறகு நிறுக்கவே தேவையில்லை. போத்தல் ஒட்டுத்தாளையும் வாசியுங்கள். நீரற்ற மகனீசியம் குளோரைட்டு என்றால் 18 கிராமுக்குப் பதில் 8.4 கிராம்தான் வேண்டும்.

கடைசிச் சரிபார்ப்பு மிகச் சுலபம். உலர்ந்த 100 மில்லிலீற்றர் அளவுக் குடுவையை நிறுத்து, ஊடகத்தைக் கோடுவரை நிரப்பி மறுபடி நிறுங்கள். வித்தியாசம் 110 கிராம் அளவில் வர வேண்டும். 105 க்குப் பக்கத்தில் நின்றால் உப்பு குறைவு, 115 ஐத் தாண்டினால் ஓட்டோகிளேவில் தண்ணீர் ஆவியாகியிருக்கிறது அல்லது யாரோ இரண்டு தரம் போட்டிருக்கிறார்கள். சமையலுப்பு வாங்கி வந்து கரைப்பவர்களும் உண்டு. அயடீனும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் கலந்த உப்பை வைத்துக்கொண்டு எந்தப் பிழையையும் தேட முடியாது.

சவர்க்காரம். சலினாரத்தின் கலச்சுவர் வெறும் புரதப் படலம். கண்ணாடிக் குடுவையில் ஒட்டியிருக்கும் கழுவும் திரவமே அதை உடைக்கப் போதும். ஒரே ஊடகத்தைப் புதிய பிளாஸ்டிக் ரியூபிலும் பழைய குடுவையிலும் விதைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் மட்டும் வந்தால் குடுவைகளை வெறும் தண்ணீரில் பலமுறை அலசி, வடிநீரில் ஒருமுறை ஓட்டோகிளேவ் செய்து கொட்டுங்கள்.

பெப்டோன். எல்லாம் சரி, இரண்டிலும் வரவில்லை, போன மாதம்வரை வந்தது என்றால், நடுவில் பெப்டோன் போத்தல் மாறியதா? சில பெப்டோன்களில் பித்த அமிலங்கள் இருக்கின்றன. டோரோகோலிக் அமிலமும் கிளைகோகோலிக் அமிலமும் ஹலோபக்டீரியம், ஹலோபெராக்ஸ் கலங்களை உடைக்கின்றன என்று 1988 இலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனாலும் கொள்வனவுப் பிரிவு மலிவானதைத்தான் வாங்கும். பெப்டோனை விட்டுவிட்டு ஈஸ்ட் சாறு மட்டும் போட்ட ஊடகத்தில் விதையுங்கள். அதில் வந்தால் வேறு வகைப் பெப்டோன் எடுங்கள்.

இவை அத்தனையும் தாண்டியும் வராவிட்டால்தான் புது விதை பற்றிப் பேச வேண்டும். அது கடைசிப் பகுதியில்.

## வளர்ந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான், அதிகம் தவறாக வாசிக்கப்படுவதும் இதுதான்.

### உண்மையில் நின்றதா?

அடர்த்தி கூடிய மாதிரியை நேரடியாக ஒளிமானியில் வைத்தால் ஓடி 600 எண் (கலங்கலின் அளவு) உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், ஆகவே ஐதாக்கி அளக்கிறோம். எதால் ஐதாக்கினீர்கள்? வடிநீரால் என்றால் கலங்கள் கியுவெற்றுக்குள்ளேயே உடைந்து, கலங்கல் உங்கள் கண்முன்னால் தெளிந்து, எண் விழுந்துவிடும். ஒரே மாதிரியை உப்புநீரால் ஒருமுறையும் வடிநீரால் ஒருமுறையும் ஐதாக்கி அளந்து பாருங்கள். உப்புநீரில் எண் ஏறினால் கல்ச்சருக்கு ஒன்றுமில்லை, இந்தப் பகுதியை மூடிவிட்டுப் போகலாம்.

### ஒட்சிசன்

உண்மையாகவே நின்றிருந்தால் முதலில் தீர்ந்திருக்கக்கூடியது இதுதான். 45 பாகையில் இந்த உப்புச் செறிவில் கரையும் ஒட்சிசன், அறை வெப்ப நன்னீரில் கரைவதன் பாதிக்கும் குறைவு. 250 மில்லிலீற்றர் குடுவையில் 50 க்கு மேல் ஊற்றாதீர்கள். ஷேக்கர் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று ஓடட்டும். வாயில் அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றாதீர்கள்.

கரண்ட் போனதா என்றும் விசாரியுங்கள். பல ஷேக்கர்கள் கரண்ட் திரும்பி வந்தாலும் தானாகத் தொடங்குவதில்லை, இன்கியூபேட்டர் மட்டும் சூடாகிக்கொண்டிருக்கும். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்து நாடே இருண்டதே, அந்த மாதிரி நாளுக்கு அடுத்த காலை வரும் குடுவைகளுக்கு வேறு நோய் தேட வேண்டியதில்லை.

சரிபார்ப்பு: 10 மில்லிலீற்றரைப் பெரிய வெற்றுக் குடுவைக்கு மாற்றி, வேறெதுவும் சேர்க்காமல் ஆட்டுங்கள். ஆறு மணிநேரத்தில் எண் ஏறினால் மூச்சுத்திணறல்தான்.

### பீஎச்

டிரிஸ் வெப்பத்துக்கேற்ப நகரும். 25 பாகையில் 7.5 க்கு வைத்தது 45 பாகையில் 7 க்குச் சற்றுக் கீழே இருக்கும். அதன்மேல் நீங்கள் குளுக்கோஸ் கொடுத்திருந்தால் அமிலம் சேரும். அமினோ அமிலங்களை மட்டும் தின்றால் அமோனியா வெளியேறி மேலே போகும். 6.5 க்குக் கீழே போயிருந்தால் சீர்செய்து பாருங்கள். செறிந்த உப்பில் பீஎச் மீற்றரின் எண் கொஞ்சம் பிசகும், ஆகவே புதிய ஊடகத்தையும் பக்கத்தில் வைத்து அளந்து வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள்.

### எது தீர்ந்தது? பிரித்துப் போட்டுப் பார்த்தல்

ஒட்சிசனும் பீஎச்சும் சரி என்றால் ஊகிப்பதை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். நின்ற குடுவையிலிருந்து 5 மில்லிலீற்றர் வீதம் ரியூப்களில் பிரித்துப் போடுங்கள். ஒன்றில் எதுவும் சேர்க்க வேண்டாம். ஒன்றில் அதே அளவு உப்புநீர். ஒன்றில் காபன், கிளிசரோல் நல்லது, ஏனென்றால் வோல்கானி குளுக்கோஸைவிட அதைத்தான் முதலில் எடுக்கும். ஒன்றில் அமோனியம் குளோரைட்டு. ஒன்றில் பொட்டாசியம் பொசுபேற்று. ஒன்றில் இரும்பு, மங்கனீசு, துத்தநாகம், செப்பு கலந்த நுண்தாதுக் கரைசல். எல்லாவற்றையும் சாய்த்து ஆட்டி, ஒரு நாள் கழித்து உப்புநீரால் ஐதாக்கி அளவிடுங்கள்.

எல்லாமே ஏறியதா, எதுவும் சேர்க்காததும் உட்பட? மறுபடியும் ஒட்சிசனுக்குப் போங்கள், குடுவையில் கிடைக்காத காற்று ரியூபில் கிடைத்திருக்கிறது.

உப்புநீர் சேர்த்தது மட்டும் ஏறியதா? உணவு இருக்கிறது, கழிவு சேர்ந்திருக்கிறது. அமோனியாவாக இருக்கலாம், அமிலமாக இருக்கலாம். இனிமேல் இன்னும் முன்னதாக மாற்றுங்கள்.

காபனோ நைதரசனோ என்றால் செய்முறையில் அதைக் கூட்டுங்கள், அவ்வளவுதான்.

பொசுபேற்று கொஞ்சம் தந்திரமானது. வோல்கானி ஒரு கலத்துக்குள் தன் மரபணுத்தொகுதியின் பல பிரதிகளை வைத்திருக்கும், வேகமாக வளரும்போது இருபதை ஒட்டியும் அதற்கு மேலும். வெளியே பொசுபேற்று இல்லாதபோது அது நின்றுவிடாது. இருக்கும் பிரதிகளைப் பிள்ளைக் கலங்களுக்குப் பங்கிட்டும், சிலவற்றைக் கரைத்துப் பொசுபேற்றை எடுத்தும், சில தரம் பிரியும். கடைசியில் கலத்துக்கு 2 பிரதி அளவுக்கு இறங்கிவிடும். 2014 இல் ஜெர்மனியில் பிராங்பேர்ட்டில் செய்த வேலை இது. ரைபோசோம்களை அது அப்படிக் கரைப்பதில்லை என்பதையும் அவர்களே காட்டினார்கள். நமக்கு இதிலுள்ள வில்லங்கம் என்னவென்றால், பொசுபேற்றே போட மறந்த ஊடகத்திலும் முதல் மாற்றல் அழகாக வளர்ந்து காட்டும். இரண்டாம் மூன்றாம் மாற்றலில்தான் விழும். அதற்குள் ‘ஊடகம் நல்லது, முதல் தரம் வந்ததே’ என்று கொப்பியில் எழுதிவிட்டிருப்போம். ஆகவே பொசுபேற்றைச் சந்தேகித்தால் ஒரே ஊடகத்தில் மூன்று தரம் அடுத்தடுத்து மாற்றிப் பாருங்கள். “கலம் நிறைய இருக்கு, டீஎன்ஏ மட்டும் வரமாட்டேங்குது” என்று புலம்புபவர்களும் கிட் வாங்குவதற்கு முன் இதைப் பார்க்கலாம்.

பொசுபேற்றைப் போட்டிருந்தும் குறை தெரிகிறதா? மகனீசியத்தோடும் கல்சியத்தோடும் சேர்த்து ஓட்டோகிளேவ் செய்திருப்பீர்கள். போத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடப்பதில் உங்கள் பொசுபேற்றும் இருக்கும். தனியாகக் கிருமிநீக்கி, ஆறிய பிறகு சேருங்கள்.

நுண்தாது ரியூப் ஏறினால் வடிநீர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஈஸ்ட் சாறும் குழாய்நீரின் மிச்சமும் இவ்வளவு நாளும் அந்தக் குறையை மறைத்து வந்திருக்கலாம்.

எதுவுமே ஏறவில்லை என்றால் உப்புநீரில் பத்துப்பத்தாக ஐதாக்கித் தட்டில் பூசுங்கள். கொலனி வந்தால் உயிர் இருக்கிறது, வராவிட்டால் பிசுபிசுப்புப் பகுதிக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஈ.கோலை என்ற குடற் பற்றீரியாவில் அமினோ அமிலம் தீர்ந்தால் பிபிஜிபிபி என்ற சிறு மூலக்கூறு ஏறி ரைபோசோம் உற்பத்தியை நிறுத்துகிறது என்று படித்ததை வைத்துக்கொண்டு, அதை அளக்கப் போகிறேன் என்று வருபவர்கள் உண்டு. சில ஹலோ ஆர்க்கியாக்கள் அந்த மூலக்கூறு ஏறாமலேயே ரைபோசோம் ஆர்என்ஏ உற்பத்தியைக் குறைப்பது 1990 களிலேயே தெரிந்துவிட்டது. பட்டினியை அளக்க வேண்டுமென்றால் மேலே சொன்ன ரியூப்களே போதும்.

## வளமான ஊடகத்தில் வருகிறது, எளிய ஊடகத்தில் வரவில்லை

உங்கள் விதையின் பெயரைப் பாருங்கள். எச்26 என்ற ஆய்வுகூட வோல்கானித் திரிபு என்றால் அதில் பைர்ஈ2 மரபணு இல்லை, யுராசில் கொடுக்காமல் வளராது. ஈஸ்ட் சாறு அதை இரகசியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. மில்லிலீற்றருக்கு 50 மைக்ரோகிராம் சேருங்கள். எச்53 க்கு அதோடு டிரிப்டோபனும் வேண்டும். காசமினோ அமிலம் போட்டேனே என்று வாதாட வேண்டாம், அமிலத்தில் புரதத்தை உடைக்கும்போது டிரிப்டோபன் அழிந்துவிடும்.

விதை பூரணமானதுதான் என்றால் தயமின், பயோட்டின் என்ற விற்றமின்களைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள். ஓட்டோகிளேவில் போட்டால் தயமின் தாங்காது, வடிகட்டிச் சேருங்கள்.

இரண்டும் சரி, முதல் மாற்றல் வளர்ந்து இரண்டாவது நின்றது என்றால், பழைய ஊடகத்தின் மிச்சத்தில்தான் முதலாவது ஓடியிருக்கிறது. விதையை உப்புநீரில் இரண்டு தரம் கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

## நுணுக்குக்காட்டியில் உருவம் மாறித் தெரிகிறது

காலையில் கோல்கள், மாலையில் தட்டுகள். வோல்கானிக்கு இது வழக்கம். ஐதாக இருக்கும் இளம் கல்ச்சரில் நீந்தும் கோல்கள் அதிகம், அடர்த்தி ஏற ஏற ஒழுங்கற்ற தட்டை வடிவங்கள் அதிகம். கோலாக நீள்வதற்கு செட்இசட்1 என்ற புரதம் வேண்டும் என்று 2015 இல் தெரியவந்தது, பிரிவதற்கு வேறு புரதங்கள். ஆகவே உருவ மாற்றத்தைப் பிரிவு நின்றதற்கான சாட்சியாக எடுக்க வேண்டாம்.

இளம் கல்ச்சரிலேயே எல்லாம் ஒழுங்கற்றுக் கிடந்தால் நுண்தாதுக் கரைசலைப் பாருங்கள். அதைச் சேர்க்கும்போது வளர்ச்சியும் உருவமும் சீராவதை 2021 இல் வந்த ஓர் ஆய்வு விரிவாகக் காட்டியது.

எல்லாமே உருண்டையாகத் தெரிகிறதா? கண்ணாடித் தகட்டில் யாராவது வடிநீர்த் துளி விட்டார்களா? அகரோஸ் திண்டை வெறும் தண்ணீரில் செய்தீர்களா? உப்புநீரில் செய்யுங்கள். மூடித்தகட்டின் ஓரத்தில் மட்டும் சுருங்கிக் கிடந்தால் ஏசிக் காற்றில் துளி காய்ந்து உப்பு ஏறியிருக்கிறது, நடுப்பகுதியை உடனே பாருங்கள்.

எல்லா ஆர்க்கியாவும் பட்டினியில் ஒரே மாதிரி நடப்பதில்லை. வெந்நீரூற்றுச் சல்போலோபஸ் அசிடோகால்டேரியஸ் உணவு தீர்ந்ததும் நீந்தும் இழையைக் கட்டத் தொடங்கும். ஆகவே வேறு இனத்தின் படத்தை வைத்து உங்கள் குடுவைக்கு நோய் சொல்லாதீர்கள்.

## நிறம் மாறிவிட்டது

சிவப்பு ஏறியிருக்கிறது. வேகமாக வளரும் வோல்கானி வெளிறிய இளஞ்சிவப்பு. மந்தமாகும்போது பக்டீரியோரூபரின் என்ற சிவப்பு நிறமி சேர்ந்து நிறம் ஆழமாகும். உப்பு குறைந்தாலும் அப்படித்தான். முதல் பகுதியில் சொன்னபடி 100 மில்லிலீற்றர் ஊடகத்தின் எடையைப் பாருங்கள், பிறகு பிரித்துப் போட்டுப் பாருங்கள்.

ஊதா. சலினாரம் என்றால் ஒட்சிசன் குறைந்து வெளிச்சமும் பட்டிருக்கிறது. அந்த நிலையில்தான் அது பக்டீரியோரொடொப்சின் என்ற ஊதாப் புரதத்தைக் கட்டி, ஒளியிலிருந்து சக்தி எடுக்கும். பழுது இல்லை, பலர் இதைக் கஷ்டப்பட்டு வரவழைக்கிறார்கள். ஆனால் குடுவையில் வோல்கானி என்று எழுதியிருந்து ஊதா தெரிந்தால், ஒட்டுத்தாள் பிழை. வோல்கானியிடம் அந்தப் புரதமே இல்லை.

தட்டில் சில கொலனிகள் மட்டும் கண்ணாடி போலத் தெளிவு. சலினாரத்தில் நூறில் ஒன்று அளவில் இப்படி வரும். வாயுப் பைகளைக் கட்டும் மரபணுவில் தாவும் துண்டு ஒன்று போய் உட்கார்ந்திருக்கும். மாசு என்று தட்டை எறிய வேண்டாம், வேலைக்கு மட்டும் ஒளிபுகாத கொலனியை எடுங்கள்.

பச்சை. உப்பளத்து மாதிரி என்றால் டுனாலியெல்லா பாசி. இருட்டில் வைத்து மாற்றிக்கொண்டே போங்கள்.

சிவப்புத்தான், ஆனால் நடத்தை சரியில்லை. சிவந்ததெல்லாம் ஆர்க்கியா இல்லை. 2002 இல் விவரிக்கப்பட்ட சலினிபக்டர் ரூபர் இதே உப்பில், இதே நிறத்தில் வாழும் பற்றீரியா. அம்பிசிலின் மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம் போட்டுப் பாருங்கள். ஆர்க்கியாவிடம் அம்பிசிலின் தாக்கும் பெப்டிடோகிளைக்கன் சுவர் கிடையாது, அது பாட்டுக்கு வளரும். நின்றால் பற்றீரியா கலந்திருக்கிறது.

## வெள்ளையாக, கொழகொழவென்று

மெடிடெரேனி என்றால் முதலில் மகிழ்ச்சிப்படுங்கள். காபன் தாராளமாக இருந்து நைதரசனோ பொசுபேற்றோ தட்டுப்படும்போது அது பிரிவதைக் குறைத்துவிட்டு, மிச்சக் காபனைப் பிளாஸ்டிக் மணிகளாகச் சேமிக்கும். கூடவே வெளியே பசையும் விடும். வளர்ச்சி எண் மட்டும் வேண்டுமென்றால் சர்க்கரையைக் குறையுங்கள் அல்லது அமோனியத்தைக் கூட்டுங்கள். பிளாஸ்டிக் மணி ஒளியைச் சிதறடிப்பதால் ஓடி எண்ணும் ஏமாற்றும், தட்டில் எண்ணிப் பாருங்கள். வேறு இனம் என்றால் அம்பிசிலின் சோதனை.

## பிசுபிசுவென்று நூலிழுக்கிறது, கலங்கல் தெளிந்துவிட்டது

கலங்கள் உடைந்து டீஎன்ஏ வெளியே வந்துவிட்டது. முழுக் குடுவையுமா, நீங்கள் கழுவிய மாதிரி மட்டுமா? மாதிரி மட்டும் என்றால் வழமையான பொசுபேற்றுத் தாங்கல் கரைசலில் கழுவியிருப்பீர்கள், உப்புநீருக்கு மாறுங்கள். முழுக் குடுவை என்றால் சவர்க்காரம், பெப்டோன், உப்பு என்று முதல் பகுதியின் வரிசையில் திரும்பப் போங்கள். தெளிந்த திரவத்தில் ஒரு துளியை நல்ல கல்ச்சரில் விட்டு அதுவும் தெளிந்தால் வைரஸ் இருக்கலாம். ஷேக்கரைத் துடைத்து, அந்தக் குடுவைகளை உடனே ஓட்டோகிளேவ் செய்யுங்கள், அப்புறம் விசாரணை.

கிராம் சாயமேற்றும்போது தகட்டில் ஒன்றுமே தெரியவில்லை என்பதும் இதே கதை. 2 சதவீத அசற்றிக் அமிலத்தில் நிலைநிறுத்திவிட்டுச் சாயம் போடுங்கள்.

## எந்த இடத்தில் வெளியாளைக் கூப்பிடுவது

இன்கியூபேட்டர் வெப்பம் இரண்டு பாகைக்கு மேல் ஆடினால் பிரிவின் மின்தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ரிலே மலிவாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் 230 வோல்ற் ஓடும் பெட்டிக்குள், அதுவும் உப்புநீர் சிந்தி அரித்த பெட்டிக்குள், மாணவர்கள் கை விடக்கூடாது.

நுண்தாது ரியூப் மட்டும் திரும்பத் திரும்ப ஏறி, வடிநீர்தான் காரணம் என்று தோன்றினால், பௌத்தாலோக மாவத்தையிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற கட்டண ஆய்வுகூடத்துக்கு நீரையும் உப்பையும் அனுப்பலாம். அதற்கு முன் வேறு பிரிவிலிருந்து ஒரு லீற்றர் வடிநீர் கடன் வாங்கி ஊடகம் செய்து பாருங்கள், அதற்குக் காசில்லை.

அம்பிசிலின் சோதனை குழப்பமாக இருந்தால் 16எஸ் வரிசைப்படுத்தல், அதாவது இனத்தைக் காட்டும் ரைபோசோம் மரபணுவை வாசித்தல். ஒற்றைக் கொலனியை மூன்று தரம் கோடிழுத்துத் தூய்மையாக்கிவிட்டு அனுப்புங்கள், ஆர்க்கியாவுக்கான முதன்மித் தொடர் (பிரைமர்) வேண்டும் என்று படிவத்திலேயே எழுதுங்கள். பற்றீரியாத் தொடரைப் போட்டுவிட்டு ‘மாதிரியில் ஒன்றுமில்லை’ என்று பதில் வருவது வழக்கம்.

புது விதை வரவழைப்பது எல்லாவற்றிலும் செலவு கூடியது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலுள்ள டிஎஸ்எம்இசட் சேகரிப்பில் வோல்கானியின் எண் 3757, சலினாரம் 3754, மெடிடெரேனி 1411. இறக்குமதி அனுமதியும் விரிவுரையாளரின் கையொப்பமும் இல்லாமல் பொதி சுங்கத்தில் கிடக்கும். வந்து சேர்ந்த அன்றே வளர்த்து, 20 சதவீத கிளிசரோலோடு கலந்து, மைனஸ் 80 இல் இரண்டு வெவ்வேறு பிரிட்ஜ்களில் வையுங்கள். கிளிசரோலை உப்புநீரில் கரைத்துத்தான் சேர்க்க வேண்டும், வடிநீரில் அல்ல.